பிபி, சுகர் ரெண்டுக்கும் ஒரே நோட்டு: வீட்டுல இருந்தே ஆரம்பிக்க ஒரு முழு வழிகாட்டி

எங்க அப்பாவுக்கு சுகர் வந்து பதிமூணு வருஷம் ஆச்சு. அதுக்குன்னு ஒரு பச்சைக் கலர் ஃபைல் இருக்கு, உள்ள தேதிவாரியா லேப் ரிப்போர்ட், வெறும் வயித்துல எவ்வளவு, சாப்பிட்ட பிறகு எவ்வளவுன்னு அம்மா கையெழுத்துல ஒரு அட்டவணை. பிபிக்கு ஒண்ணும் கிடையாது. ஒவ்வொரு தடவை போறப்பவும் மருந்துச் சீட்டோட மூலையில 150/90, 156/94, 160/92ன்னு எழுதியிருப்பாங்க, "வயசாச்சுல்ல, படியேறி வந்ததுல கொஞ்சம் கூடியிருக்கும்"னு சொல்லி விட்டுடுவாங்க, நாங்களும் சுகர்தான் கன்ட்ரோல்ல இருக்கே அது போதும்னு நிம்மதியா பஸ் ஏறி வீட்டுக்கு வந்துடுவோம். போன வருஷம் யூரின்ல புரோட்டீன் போகுதுன்னு ரிப்போர்ட் வந்த அன்னைக்கு ராத்திரிதான் அந்தச் சீட்டு எல்லாத்தையும் எடுத்து தரையில வரிசையா பரப்பிப் பார்த்தேன். நாலு வருஷத்துல ஒரு தடவை கூட மேல் அளவு 140க்கு கீழ இல்ல.

அன்னைக்குப் புரிஞ்ச விஷயத்தைத்தான் இங்க எழுதுறேன். பிபி வேற, சுகர் வேறன்னு பிரிச்சுப் பார்க்கிறதுதான் நம்ம வீடுகள்ல நடக்கிற பெரிய தப்பு. ரெண்டும் ஒரே அடுப்புல வேகுது, அதனால ரெண்டுக்கும் ஒரே நோட்டு போடணும். எப்படி ஆரம்பிக்கணும், எதை அளக்கணும், சமையல்ல எதை மாத்தணும், மாத்திரையில எதைக் கவனிக்கணும்னு ஒவ்வொண்ணா சொல்றேன். நான் டாக்டர் இல்ல, மாத்திரை விஷயத்துல கடைசி வார்த்தை உங்க டாக்டரோடதுதான், ஆனா அவர்கிட்ட என்ன கேட்கணும்னு தெரிஞ்சுக்கிட்டுப் போனா அந்த அஞ்சு நிமிஷமும் பிரயோஜனமா இருக்கும்.

முதல்ல இது ரெண்டும் எப்படி ஒட்டிக்கிட்டு இருக்குன்னு பார்ப்போம்

வயித்தைச் சுத்தி, குடலுக்கும் கல்லீரலுக்கும் இடையில சேர்ற கொழுப்பு இருக்கே, பெரும்பாலும் அதுல இருந்துதான் ரெண்டுமே கிளம்புது. இந்தக் கொழுப்பு கூடக் கூட உடம்பு இன்சுலின் சொல்றதைச் சரியா கேட்காது, அப்போ கணையம் இன்னும் அதிகமா இன்சுலின் சுரக்கும். அந்த அதிக இன்சுலின் கிட்னிக்கிட்ட போய் "உப்பை வெளிய விடாதே, பிடிச்சு வை"ன்னு சொல்லுது, உப்பு தங்கினா கூடவே தண்ணியும் தங்கும், ரத்தக் குழாய்க்குள்ள ஓடுற அளவு கூடும், பிரஷர் ஏறும். இன்னொரு பக்கம் நரம்பு மண்டலத்தையும் முறுக்கேத்தி விட்டு இதயத்தை வேகமா அடிக்க வைக்குது. வருஷக்கணக்கா சுகர் அதிகமா ஓடினா ரத்தக் குழாயோட உள் சுவர் விறைச்சுப் போகும், பழைய ரப்பர் டியூப் மாதிரி, விரிஞ்சு கொடுக்காது, அதுலயும் பிரஷர் ஏறும். கடைசியா கிட்னி. கிட்னிக்குள்ள இருக்கிற சின்னச் சின்ன வடிகட்டிகளை சுகர் ஒரு பக்கம் கெடுக்குது, பிரஷர் இன்னொரு பக்கம் அடிச்சு கெடுக்குது, கிட்னி கெட்டா பிரஷர் இன்னும் ஏறும். இப்படியே ஒண்ணை ஒண்ணு இழுத்துக்கிட்டுப் போகும்.

இது எவ்வளவு பேருக்கு இருக்குன்னா, சென்னையில இருக்கிற மெட்ராஸ் டயபடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் ஐசிஎம்ஆரும் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) சேர்ந்து நாடு முழுக்க எடுத்த ஆய்வு 2023ல வெளிவந்துச்சு. இந்தியாவுல 10.1 கோடி பேருக்கு சுகர், இன்னும் 13.6 கோடி பேர் சுகர் வர்ற வாசல்ல நிக்கிறாங்க, 35.5 சதவீதம் பேருக்கு பிபி. அதாவது பெரியவங்க மூணு பேர்ல ஒருத்தருக்கு.

இன்னொரு ஆய்வைச் சொல்லியே ஆகணும், ஏன்னா எங்க வீட்டுக் கதையே அதுலதான் இருக்கு. பிரிட்டன்ல சுகர், பிபி ரெண்டும் இருந்த 1,148 பேரை வருஷக்கணக்கா கவனிச்சு 1998ல யூகேபிடிஎஸ்ங்கிற ஆய்வுல எழுதினாங்க. ஒரு குரூப்புக்கு பிபியை சராசரியா 144/82க்கு இறக்கி வச்சாங்க, இன்னொரு குரூப் 154/87ல இருந்துச்சு. வித்தியாசம் வெறும் பத்து பாயின்ட்தான். ஆனா இறக்கி வச்ச குரூப்புல பக்கவாதம் 44 சதவீதம் குறைவு, சுகர் சம்பந்தமான சாவு 32 சதவீதம் குறைவு. சுகர்காரருக்கு பிபியைக் கவனிக்கிறது எவ்வளவு முக்கியம்னு இதுக்கு மேல என்ன சொல்ல. அப்பாவோட பச்சை ஃபைல்ல அந்தப் பத்து பாயின்ட்டைத்தான் நாங்க தவற விட்டிருந்தோம்.

படி 1: உங்க ரிஸ்க்கை நீங்களே கணக்குப் போடுங்க

இதுக்கு ஒரு இஞ்ச் டேப் மட்டும் போதும். அதே சென்னை ஃபவுண்டேஷன்காரங்க நம்ம ஊர் ஆளுங்களுக்குன்னே ஒரு மார்க் முறை வச்சிருக்காங்க, ரத்தப் பரிசோதனை எதுவும் வேண்டாம்.

வயசு 35க்கு கீழன்னா 0, 35ல இருந்து 49 வரைக்கும் 20, 50க்கு மேலன்னா 30.

இடுப்புச் சுற்றளவு ஆம்பளைங்களுக்கு 90 செ.மீ.க்கு கீழ, பொம்பளைங்களுக்கு 80 செ.மீ.க்கு கீழ இருந்தா 0. அதுக்கு மேல பத்து செ.மீ. வரைக்கும் 10, அதையும் தாண்டிட்டா 20.

தினமும் உடற்பயிற்சியும் உண்டு, வேலையும் உடம்பை வருத்துற வேலைன்னா 0. ரெண்டுல ஒண்ணுதான்னா 20. ரெண்டும் இல்லாம உட்கார்ந்த வேலைன்னா 30.

அப்பா அம்மாவுல யாருக்கும் சுகர் இல்லன்னா 0, ஒருத்தருக்குன்னா 10, ரெண்டு பேருக்கும்னா 20.

கூட்டிப் பாருங்க. 60 அல்லது அதுக்கு மேல வந்தா ரிஸ்க் அதிகம், இந்த வாரமே ரத்தம் கொடுத்துடுங்க. எனக்கு 38 வயசு, உட்கார்ந்த வேலை, அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் சுகர், பொம்பளைங்க கணக்குல இடுப்பு 84. 20, 30, 20, 10. எண்பது. அப்பாவுக்காகத்தான் இதெல்லாம் படிக்க ஆரம்பிச்சேன், எனக்கே 80 வந்த பிறகுதான் ராத்திரி தூக்கம் போச்சு.

டேப் எங்க வைக்கணும்னா, பேன்ட் போடுற இடத்துல இல்ல, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவுல. மூச்சை இழுத்துப் பிடிக்காம, சாதாரணமா வெளிய விட்டுட்டு அளக்கணும். கர்ப்பத்துல சுகர் வந்து குழந்தை பிறந்ததும் போயிடுச்சுன்னு சொல்றவங்க மார்க் எவ்வளவு வந்தாலும் வருஷா வருஷம் செக் பண்ணணும், அது ஒதுங்கி நிக்குது அவ்வளவுதான், திரும்ப வர வாய்ப்பு அதிகம்.

படி 2: பிபியை ஒழுங்கா அளக்கக் கத்துக்குங்க

இங்கதான் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுறாங்க. எங்க வீட்டுலயும் மெஷின் வாங்கின முதல் வாரம், அப்பா டீ குடிச்சுட்டு, காலு மேல காலு போட்டு, டிவியில நியூஸ் பார்த்துக்கிட்டு, சட்டைக் கைக்கு மேலயே பட்டையைச் சுத்தி, நடுவுல போன்ல சித்தப்பாகிட்ட பேசிக்கிட்டே பார்த்தார். 168 வந்துச்சு. அவர் பயந்துட்டார். கொஞ்ச நேரம் கழிச்சு ஒழுங்கா உட்கார வச்சுப் பார்த்தப்போ 148. பேசிக்கிட்டே பார்த்தா மட்டுமே பத்து பாயின்ட் கூட ஏறும்.

சரியான முறை இதுதான். அரை மணி நேரத்துக்கு முன்னாடி காபி, டீ, பீடி, சிகரெட் எதுவும் கூடாது. பாத்ரூம் போயிட்டு வந்துடணும், முட்டிக்கிட்டு உட்கார்ந்தா பிரஷர் கூடக் காட்டும். முதுகு சாய்ற மாதிரி நாற்காலி, ரெண்டு பாதமும் தரையில, அஞ்சு நிமிஷம் பேசாம உட்காரணும். கையை டேபிள் மேல வச்சு பட்டை நெஞ்சு உயரத்துக்கு இருக்கணும், கையைத் தொங்கப் போட்டா அதிகமா காட்டும். பட்டை வெறும் தோல் மேல, முழங்கை மடிப்புக்கு ரெண்டு விரல் மேல. குண்டுக் கைக்கு சின்னப் பட்டை சுத்தினாலும் தப்பா கூட்டித்தான் காட்டும், பெரிய பட்டை தனியா கேட்டு வாங்கிக்கலாம். மணிக்கட்டுல கட்டுற மெஷினை விட மேல் கையில கட்டுறதுதான் நம்பகமானது.

ஒரு நிமிஷ இடைவெளியில ரெண்டு தடவை பாருங்க. காலையில மாத்திரை போடுறதுக்கு முன்னாடி, சாயங்காலம் சாப்பாட்டுக்கு முன்னாடி, இப்படி ஏழு நாள். முதல் நாள் கணக்கை விட்டுட்டு மீதி ஆறு நாளோட சராசரியை எடுங்க. வீட்டுல பார்க்கிற சராசரி 135/85க்கு மேலன்னா அது ஆஸ்பத்திரியில 140/90 வந்ததுக்குச் சமம், அது பிபிதான். ஏற்கெனவே சுகர் இருக்கிறவங்களுக்கு பெரும்பாலும் 130/80க்கு கீழ கொண்டு வரத்தான் டாக்டர்கள் பார்ப்பாங்க, ரொம்ப வயசானவங்களுக்கு மட்டும் கொஞ்சம் விட்டுப் பிடிப்பாங்க.

முதல் தடவை ரெண்டு கையிலயும் பாருங்க, எதுல அதிகமோ அந்தக் கையையே வச்சுக்குங்க. அப்புறம் ரொம்ப நாள் சுகர் இருக்கிறவங்களுக்கு இன்னொண்ணு முக்கியம், உட்கார்ந்து பார்த்துட்டு எழுந்து நின்னு ஒரு நிமிஷம் கழிச்சும், மூணு நிமிஷம் கழிச்சும் பாருங்க. சுகர் நரம்பைத் தாக்கியிருந்தா நிக்கும்போது பிரஷர் சட்டுனு விழும். மேல் அளவு இருபதுக்கு மேல இறங்கினா டாக்டர்கிட்ட சொல்லியே ஆகணும், ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்து கீழ விழுந்து இடுப்பு எலும்பு உடைஞ்சதா சொல்ற பல கதைக்குப் பின்னாடி இதுதான் இருக்கு.

மெஷின் வாங்க முடியலன்னா பரவாயில்ல. தமிழ்நாட்டுல 2021 ஆகஸ்ட் 5ல கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல, வீட்டுக்கே ஒரு அக்கா வந்து பிபி, சுகர் பார்த்து மாத்திரையும் கொடுத்துட்டுப் போவாங்க. உங்க தெருவுக்கு வரலன்னா பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல போய் பேர் கொடுங்க. வர்ற அக்காகிட்ட அளவைக் கேட்டு வாங்கி நோட்டுல எழுதிக்குங்க, அதை மட்டும் மறந்துடாதீங்க.

படி 3: எந்த டெஸ்ட், எந்த அளவு

சுகர் இருக்கான்னு கண்டுபிடிக்க: வெறும் வயித்துல 126 அல்லது மேல, குளுக்கோஸ் தண்ணி குடிச்சு ரெண்டு மணி நேரத்துல 200 அல்லது மேல, மூணு மாச சராசரி சொல்ற எச்பிஏ1சி 6.5 அல்லது மேல. பெரிய அறிகுறி எதுவும் இல்லன்னா ஒரு தடவை வந்ததை வச்சு முடிவு பண்ண மாட்டாங்க, இன்னொரு தடவை பார்த்து உறுதி பண்ணுவாங்க. எச்பிஏ1சி 5.7ல இருந்து 6.4 வரைக்கும்னா வாசல்ல நிக்கிறீங்கன்னு அர்த்தம். ரத்த சோகை இருந்தா இந்த டெஸ்ட் தப்பா காட்டும், நம்ம ஊர் பொம்பளைங்களுக்கு அது சகஜம், அதனால ஹீமோகுளோபினும் சேர்த்துப் பாருங்க.

வாசல்ல நிக்கிறவங்க பயப்பட வேண்டாம், ஆனா சும்மாவும் இருக்க வேண்டாம். டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு சென்னையில இப்படி வாசல்ல நின்ன 531 பேரை எடுத்து 2006ல முடிவு வெளியிட்டாங்க. எதுவும் பண்ணாதவங்கள்ல மூணு வருஷத்துல 55 சதவீதம் பேருக்கு சுகர் வந்துச்சு, சாப்பாடும் நடையும் மாத்தினவங்கள்ல 39 சதவீதம் பேருக்குத்தான் வந்துச்சு. நம்ம ஆளுங்ககிட்ட, நம்ம சாப்பாட்டுலயே செஞ்சு காட்டினது இது.

சுகரோ பிபியோ இருந்தா வருஷத்துக்கு ஒரு தடவை கட்டாயம் பார்க்க வேண்டியது: கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு ரத்தத்துல காட்டுற கிரியாட்டினினும் அதுல இருந்து கணக்குப் போடுற இஜிஎஃப்ஆரும், யூரின்ல ஆல்புமின் (ஒரு வகை புரோட்டீன்) கிரியாட்டினின் விகிதம், கொலஸ்ட்ரால், ஈசிஜி. சுகர்காரங்களுக்கு இதோட கண்ணுல சொட்டு மருந்து விட்டுப் பார்க்கிற ரெட்டினா டெஸ்ட், பாதத்துல உணர்ச்சி டெஸ்ட். இதுல அந்த யூரின் டெஸ்டைத்தான் நிறைய பேர் விட்டுடுறாங்க. எங்க அப்பாவுக்கும் போன வருஷம் வரைக்கும் ஒரு தடவை கூட எழுதிக் கொடுக்கல, நாங்களும் கேட்கல, அப்படி ஒண்ணு இருக்குன்னே தெரியாது. அதுல 30க்கு கீழன்னா நிம்மதி. 30க்கு மேலன்னா கிட்னி குரல் கொடுக்க ஆரம்பிச்சுடுச்சு, அந்த நேரத்துல பிடிச்சா நிறுத்தி வைக்க வழி இருக்கு. கிரியாட்டினின் ஏறுற வரைக்கும் காத்திருந்தா பாதி தூரம் போயிருக்கும்.

படி 4: உப்பு பாக்கெட்ல தேதி எழுதுங்க

ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள்ள உப்புன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, மட்டமா ஒரு டீஸ்பூன். இதை நினைச்சுக்கிட்டு யாரும் சமைக்க முடியாது, சாம்பார்ல எவ்வளவு, பொரியல்ல எவ்வளவுன்னு யார் கணக்குப் பார்க்கிறது. நான் பண்ணினது இதுதான்: புது உப்பு பாக்கெட்டை உடைச்சதும் அது மேல பேனாவால தேதி எழுதினேன். நாலு பேர் இருக்கிற வீடு, ஆளுக்கு 5 கிராம், முப்பது நாள், கூட்டினா 600 கிராம். அதாவது ஒரு கிலோ பாக்கெட் குறைஞ்சது ஐம்பது நாள் வரணும். எங்க வீட்டுல இருபத்தாறாவது நாள் காலி. ஊறுகாய், அப்பளம், கடை மிக்ஸர்ல வர்றது தனி.

அம்மா நம்பவே இல்ல. "நான் கை அளவா தானடி போடுறேன்"னு சொன்னாங்க. சோறு வடிக்கிறப்போ ஒரு கை, சாம்பாருக்கு ஒண்ணு, ரசத்துக்கு ஒண்ணு, மோர்ல ஒண்ணு, இட்லி மாவுல ஒண்ணு, அப்புறம் சாப்பிடுற இடத்துல உப்பு டப்பா. அடுத்த மாசம் மூணு மாத்தம்தான் செஞ்சோம். சோத்துல உப்பு கிடையாது, டப்பா டேபிள்ல இருந்து அடுப்படிக்குப் போயிடுச்சு, கையால போடாம டீஸ்பூனால போடுறது. அப்பா முதல் பத்து நாள் "என்னம்மா இது, ஆஸ்பத்திரி சாப்பாடு மாதிரி இருக்கு"ன்னு தட்டைத் தள்ளினார், நாங்க எலுமிச்சை, புளி, மிளகு, சீரகம், கொத்தமல்லின்னு கூட்டி சமாளிச்சோம். மூணு நாலு வாரத்துல நாக்கு பழகிடும், இப்போ கல்யாண வீட்டு சாம்பார் அவருக்கே கரிக்குது. அடுத்த பாக்கெட் நாற்பத்து மூணு நாள் வந்துச்சு.

கவனிக்க வேண்டிய இடங்கள்: ஊறுகாய், கருவாடு, மோர் மிளகாய், வடகம். அப்பளத்துல உப்போட அப்பளக்காரமும் சேருது, உப்புல பிபியை ஏத்துற சோடியம்தான் அதுலயும் இருக்கு. தண்ணியில போட்டா பொங்குற மாத்திரை, பவுடர் எல்லாத்துலயும் சோடியம் நிறைய. இந்துப்பு நல்லதுன்னு சொல்லி நிறைய பேர் தாராளமா போடுறாங்க, அதுவும் பெரும்பாலும் அதே உப்புதான், பிபிக்கு வித்தியாசம் தெரியாது. சோடியம் குறைச்ச உப்புன்னு கடையில விக்கிறதுல பொட்டாசியம் கலந்திருப்பாங்க, கிட்னி பிரச்சனை இருக்கிறவங்க, டெல்மிசார்டன், ராமிப்ரில் மாதிரி பிபி மாத்திரை போடுறவங்க டாக்டரைக் கேட்காம அதைத் தொடவே கூடாது, ரத்தத்துல பொட்டாசியம் ஏறினா இதயத் துடிப்பே தடுமாறும்.

படி 5: தட்டை மாத்துங்க, சோத்தை விரட்ட வேண்டாம்

சுகர்னதும் சோறே கூடாதுன்னு சொல்லி மனுஷனை வதைக்கிறது நம்ம வழக்கம். ரெண்டு வாரம் சப்பாத்தி, மூணாவது வாரம் பழையபடி மலை மாதிரி சோறு. அதுக்குப் பதிலா தட்டுல கோடு போட்ட மாதிரி நினைச்சுக்குங்க: பாதித் தட்டு காய் (உருளை, சேனை, மரவள்ளி இதுல சேராது), கால் தட்டு பருப்பு, சுண்டல், முட்டை, மீன் இதுல ஏதோ ஒண்ணு, மீதி கால் தட்டுதான் சோறு. ஒரு கப் வடிச்ச சோத்துல சுமார் 45 கிராம் மாவுச்சத்து இருக்கு, நாம ஒரு வேளைக்கு சாம்பாருக்கு, ரசத்துக்கு, மோருக்குன்னு மூணு தடவை போட்டுக்கிறோம், அங்கதான் இடிக்குது. எங்க வீட்டுல அப்பாவுக்கு ஒரு கிண்ணம் வச்சாச்சு, அந்தக் கிண்ணத்துச் சோத்தை மூணாப் பிரிச்சுக்கிறது அவர் பாடு. முதல்ல காயையும் பருப்பையும் கொஞ்சம் சாப்பிட்டுட்டு அப்புறம் சோத்துக்கு வந்தா சுகர் மெதுவா ஏறுது, இது நாங்களே குளுக்கோமீட்டர்ல பார்த்தது.

காலை டிஃபன்ல ரெண்டு இட்லியோட ஒரு கிண்ணம் நிறைய காய் போட்ட சாம்பார், அல்லது பாசிப்பயறு பெசரட்டு, அடை. நிறைய பேர் ராகிக் கஞ்சி, சத்துமாவுக் கஞ்சி சுகருக்கு நல்லதுன்னு ஒரு சொம்பு குடிக்கிறாங்க. தானியம் எதுவா இருந்தாலும் நைஸா அரைச்சு கூழாக்கிக் குடிச்சா சுகர் வேகமாத்தான் ஏறும். அதே மாதிரி கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, தேன் எல்லாம் சுகரை ஏத்தும், "இது இயற்கைதானே"ன்னு ரத்தத்துக்குத் தெரியாது. பழம்னா முழுசா கொய்யா ஒண்ணு, ஜூஸ் வேண்டாம். எண்ணெய் ஆளுக்கு மாசம் அரை லிட்டர், உப்பு மாதிரியே இதுலயும் பாட்டில்ல தேதி எழுதலாம்.

எடை அதிகமா இருந்தா, ஒரு கிலோ குறைஞ்சா மேல் பிரஷர் சுமார் ஒரு பாயின்ட் இறங்கும், சுகரும் கூடவே இறங்கும். எண்பது கிலோ ஆள் நாலு அஞ்சு கிலோ குறைச்சாலே ரிப்போர்ட்ல தெரியும்.

படி 6: சாப்பிட்டு எழுந்து நடங்க

வாரம் 150 நிமிஷம் வேகமா நடக்கணும்னு எல்லாரும் சொல்றாங்க. வேகம்னா பேச முடியணும், பாட முடியக் கூடாது. அதைக் காலையில ஒரே மூச்சா பண்ண முடியாதவங்க சாப்பிட்ட பிறகு பத்து பதினஞ்சு நிமிஷமா உடைச்சு நடங்க. தொடைச் சதை வேலை செய்யும்போது இன்சுலின் தயவு இல்லாமலே சர்க்கரையை ரத்தத்துல இருந்து இழுத்துக்கும், அதனால ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு மொட்டை மாடியில நடக்கிறது வீண் போகாது. எங்க அப்பா இட்லி சாப்பிட்டுட்டு பேப்பர் படிச்ச அன்னைக்கு 212, அதே இட்லி சாப்பிட்டு தெருமுனைக் கோயில் வரைக்கும் ரெண்டு தடவை போயிட்டு வந்த அன்னைக்கு 171. இந்த ரெண்டு நம்பரும் நான் பேசின எல்லாத்தையும் விட அவரை நல்லா நடக்க வச்சுது.

வாரத்துல ரெண்டு நாள் சதைக்கு வேலை கொடுங்க, நாற்காலியில இருந்து கை ஊணாம எழுந்து உட்கார்றது பத்து தடவை, சுவத்துல கை வச்சு தள்ளுறது பத்து தடவை போதும். பாதம் மரத்துப் போனவங்க வெறுங்காலோட நடக்கக் கூடாது, கோயில் பிரகாரத்துச் சூட்டுல கொப்புளம் வந்தாலும் தெரியாது. நெஞ்சு அழுத்தம், மூச்சு வாங்குறது இருந்தா முதல்ல டாக்டர், அப்புறம் நடை.

படி 7: தூக்கம், புகை, குடி

ஆறு மணி நேரத்துக்குக் கீழ தூங்கினா ரெண்டுமே ஏறும். குறட்டை விட்டு நடுவுல மூச்சு நின்னு திணறி எழுந்திருக்கிறவங்களுக்கு எத்தனை மாத்திரை போட்டாலும் பிபி இறங்காம அடம் பிடிக்கும், அதுக்கு தனி டெஸ்ட், தனி சிகிச்சை இருக்கு, வீட்டுக்காரம்மா சொல்றதைச் சிரிச்சு ஒதுக்காம டாக்டர்கிட்ட சொல்லுங்க. பீடி, சிகரெட், ஹான்ஸ், பான் எதுவா இருந்தாலும் விட்டுடணும், இதுல குறைச்சுக்கிறேன்னு பேரமே இல்ல. குடியும் அப்படித்தான், பிரஷரை ஏத்தும், சுகர் மாத்திரையோ இன்சுலினோ போட்டுட்டு வெறும் வயித்துல குடிச்சா சுகர் ராத்திரியில பாதாளத்துக்கு இறங்கிடும், கூட இருக்கிறவங்க போதைன்னு நினைச்சுத் தூங்க விட்டுடுவாங்க.

படி 8: மாத்திரை விஷயம்

"பிபி நார்மலாயிடுச்சு, நிறுத்திட்டேன்." இதை எத்தனை வீட்டுல கேட்டிருக்கேன்! மாத்திரை போடுறதாலதான் நார்மலா இருக்கு. நிஜமாவே எடை குறைஞ்சு உப்பு குறைஞ்சு பிரஷர் இறங்கியிருந்தா டாக்டரே குறைப்பார், நோட்டைக் காட்டினா போதும்.

யூரின்ல புரோட்டீன் போகுதுன்னா டெல்மிசார்டன், லோசார்டன் வகை அல்லது ராமிப்ரில், எனாலாப்ரில் வகை மாத்திரையைத்தான் முதல்ல பார்ப்பாங்க, பிரஷரை இறக்குறதோட கிட்னி வடிகட்டிக்குள்ள இருக்கிற அழுத்தத்தையும் குறைக்கும். ஆரம்பிச்சு ஓரிரு வாரத்துல கிரியாட்டினினும் பொட்டாசியமும் செக் பண்ணணும், மறக்காம கேளுங்க. ராமிப்ரில் வகையில சிலருக்கு வறட்டு இருமல் வரும், சளி மருந்து குடிச்சுக்கிட்டே இருக்காம மாத்திரையை மாத்தச் சொல்லுங்க. கர்ப்பமா இருக்கிறவங்க, குழந்தைக்கு முயற்சி பண்றவங்க இந்த ரெண்டு வகையும் போடக் கூடாது. அம்லோடிபின் போட்டா கணுக்கால் வீங்கலாம், அது கிட்னி வீக்கம்னு பயந்துடாதீங்க, ஆனா டாக்டர்கிட்ட காட்டிடுங்க. அட்டெனலால் மாதிரி பிபி மாத்திரை போடுறவங்களுக்கு சுகர் இறங்கும்போது வர்ற படபடப்பு தெரியாது, வேர்வை மட்டும்தான் தெரியும். டாபாகிளிஃப்ளோசின்னு ஒரு சுகர் மாத்திரை பிரஷரையும் கொஞ்சம் இறக்கும், கிட்னிக்கும் பாதுகாப்பு. வாந்தி பேதி வந்து எதுவும் சாப்பிட முடியாத நாள்ல அதையும், மெட்ஃபார்மின், டெல்மிசார்டன் வகையையும் தொடரலாமா நிறுத்தலாமான்னு டாக்டருக்கு உடனே போன் பண்ணிக் கேட்கணும்.

மூட்டு வலிக்கு மெடிக்கல் ஷாப்ல கேட்டு வாங்குற டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரைங்க பிபியை ஏத்தும், கிட்னியையும் கெடுக்கும். அப்பா முழங்கால் வலிக்கு ரெண்டு வருஷமா வாரத்துக்கு மூணு நாலு போட்டுக்கிட்டு இருந்திருக்கார், எந்தச் சீட்டுலயும் அது இல்ல, யாரும் கேட்கவும் இல்ல. உங்க வீட்டுல இருக்கிறவங்க சட்டைப் பாக்கெட், தலைகாணி அடி, மளிகை டப்பா எல்லாம் ஒரு தடவை பாருங்க.

சுகர் 70க்கு கீழ இறங்கினா, கை நடுங்கி வேர்த்து பசி எடுத்தா, மூணு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில கலந்து குடிக்கணும், பதினஞ்சு நிமிஷம் கழிச்சு திரும்ப பார்க்கணும், அப்பவும் குறைவுன்னா இன்னொரு தடவை. மயங்கிட்டா வாயில எதுவும் ஊத்தாதீங்க, 108.

பிரஷர் 180/120 தாண்டி, கூடவே நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், வாய் ஒரு பக்கம் கோணல், கை கால் விழுறது, பேச்சு குழறல் இதுல எது இருந்தாலும் நாக்கடியில மாத்திரை வச்சுப் பார்க்கலாம்னு நேரத்தைக் கடத்தாம 108தான். சுகர்காரங்களுக்கு மாரடைப்பே வலி இல்லாம வரலாம், திடீர் வேர்வையும் அசதியும் மட்டும் இருந்தாலும் ஈசிஜி எடுத்துடுங்க.

படி 9: அந்த நோட்டு

பள்ளிக்கூடப் பிள்ளைங்க எழுதுற சாதாரண நோட்டு போதும். ஒரு பக்கத்துக்கு ஒரு வாரம். கோடு போட்டு தேதி, காலை பிபி, மாலை பிபி, வெறும் வயித்து சுகர், சாப்பிட்டு ரெண்டு மணி நேர சுகர் (முதல் வாய் வச்சதுல இருந்து கணக்கு), கடைசிக் கட்டத்துல ஏதாவது விசேஷம்: கல்யாணச் சாப்பாடு, தூக்கம் இல்ல, வலி மாத்திரை போட்டது, மாத்திரை மறந்தது. சுகர் குத்துறதுக்கு முன்னாடி கையைச் சோப்பு போட்டுக் கழுவித் துடைங்க, மாம்பழம் நறுக்கின விரல்ல குத்தினா மாம்பழத்தோட சுகரைத்தான் காட்டும். முன்னட்டை உள்பக்கம் மாத்திரைப் பேரு, பின்னட்டை உள்பக்கம் வருஷ டெஸ்ட் ரிசல்ட். தினமும் எல்லாம் குத்த வேண்டாம், எத்தனை நாளுக்கு ஒரு தடவைன்னு டாக்டர் சொல்வார், ஆனா பிபியும் சுகரும் ஒரே வரியில பக்கத்துல பக்கத்துல இருக்கணும்.

அப்படி எழுத ஆரம்பிச்ச மூணாவது வாரமே எங்களுக்கு ஒண்ணு கண்ணுல பட்டுச்சு. திங்கக்கிழமை காலையில மட்டும் ரெண்டும் சேர்ந்து ஏறியிருந்துச்சு. ஞாயித்துக்கிழமை மத்தியானம் கறிக்குழம்பு, கூடவே அப்பளம், ராத்திரி ஹோட்டல் பரோட்டா, நடையும் கிடையாது. யாரும் அப்பாகிட்ட எதுவும் சொல்லல. அவரே கண்ணாடியை மாட்டிக்கிட்டு மூணு பக்கத்தையும் திருப்பிப் பார்த்துட்டு, "ஞாயித்துக்கிழமை பரோட்டாவை விட்டுடுவோம், கறி இருக்கட்டும்"னு சொன்னார். இப்போ பச்சை ஃபைல் பரண் மேல இருக்கு, நோட்டு டிவி பக்கத்துல நூல் கட்டின பேனாவோட தொங்குது, போன மாச சராசரி 132/78, யூரின் புரோட்டீன் 210ல இருந்து 96க்கு இறங்கியிருக்கு, அடுத்த டெஸ்ட் தை மாசம்.